கம்பு மேடத்தின் வெள்ளிக்கிழமைகள்

அவளுக்குக் கம்பு மேடம் என்று முதலில் பேர் வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆராய்ச்சிக் கூடத்தில் டிரைவரிலிருந்து டைரக்டர் வரைக்கும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தாள், ஏனென்றால் உள்ளுக்குள் அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது.

கம்பு என்றால் நிஜமாகவே கம்புதான். துருவத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் தங்கும் கட்டடத்தின் வாசலில் ஆரம்பித்து, ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு வரிசையாக அறுபத்தொரு மூங்கில் கம்புகள் பனியில் நட்டிருக்கும். வாரம் ஒரு தடவை ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் போய், ஒவ்வொரு கம்பும் பனிக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து பென்சிலால் எழுத வேண்டும். போன வாரத்தைவிடக் கம்பு குட்டையாகத் தெரிந்தால் பனி ஏறியிருக்கிறது, நெட்டையாகத் தெரிந்தால் காற்று அரித்திருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. "இதுக்கா டாக்டர் பட்டம் குடுத்தாங்க?" என்று அவள் நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டாள். கம்பு மேடம் சிரித்து மழுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து புருஷனிடம் பொரிந்து தள்ளினாள்.

ஏன் ஒரு மெஷினை வைத்து அளக்கக் கூடாது என்று கேட்பீர்கள். வைத்தார்கள். இரண்டு மெஷின் வைத்தார்கள். ஒன்று குளிரில் மூன்றே மாதத்தில் மண்டையைப் போட்டது, இன்னொன்று காற்றில் எங்கே போனதென்றே தெரியவில்லை. மனுஷன்தான் தாக்குப் பிடித்தான். கம்புகளை முதன்முதலில் நட்டவளே அவள்தான், அங்கே பதினான்கு மாதம் தங்கியபோது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அங்கே போகிற யாராவது ஒருத்தரைத் தாஜா பண்ணி, கெஞ்சி, சில சமயம் மிரட்டி, ஒரு வாரம்கூட விடாமல் அளக்க வைத்தாள். பத்து வருஷம், ஐந்நூற்று இருபது வாரம், நடுவில் ஓட்டை விழாமல் வந்தால்தான் உலகப் பனிக்கணக்குத் தொகுப்பில் அவள் வரிசையைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு வாரம் விட்டுப்போனாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. இன்னொரு பத்து வருஷத்துக்கு உடம்பிலும் தெம்பில்லை, வேலையிலும் வைத்திருக்க மாட்டார்கள். அவள் ஜென்மத்தில் சம்பாதித்தது அந்த வரிசை ஒன்றுதான், வேறு ஒரு சுக்கும் கிடையாது.

இனி ரோஸ் ஃபாரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மற்றது விளங்காது.

துருவத்துக்குப் போகிறவர்கள் கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அதில் ஒன்று மட்டும் ரோஸ் கலர். அதில் ஒரே கேள்வி: நீங்கள் அங்கே இருக்கும்போது உங்கள் வீட்டில் யாராவது இறந்துபோனால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா, வேண்டாமா? குளிர்காலம் வந்துவிட்டால் எட்டு மாதத்துக்குக் கப்பலும் கிடையாது, விமானமும் கிடையாது. தலைகீழாக நின்றாலும் வர முடியாது. அதனால் பழைய ஆட்கள் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: "வேண்டாம்னு டிக் பண்ணிடு. அங்க உக்காந்து தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" அப்படி டிக் பண்ணினால் ஆபீஸும் வாயைத் திறக்காது, வீட்டாரும் திறக்கக் கூடாது. வீட்டாரும் அடியில் கையெழுத்துப் போட வேண்டும்.

கம்பு மேடமும் அப்படித்தான் டிக் பண்ணிவிட்டுப் போனாள். போன நாலாவது மாதம் அவள் அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பத்து மாதம் கழித்துக் கப்பலிலிருந்து இறங்கும்போது, பெட்டியைக்கூடக் கீழே வைக்க விடாமல் டைரக்டர் சொன்னார். அவள் அழுது தீர்த்தாள். ஆனால் பிற்பாடு யார் கேட்டாலும் ஒன்றே சொல்வாள்: "நல்லவேளை எனக்குச் சொல்லல. சொல்லியிருந்தா கம்பையெல்லாம் யார் அளந்திருப்பா?" முதல் தடவை அவள் அதைச் சொன்னபோது புருஷன் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வாய் பேசுவது குறைவு.

இப்படி ஒன்பதாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தபோது கொரோனா வந்தது. ஊர் அடங்கியது. கூடத்தைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். கம்பு மேடத்தின் ஆபீஸ் அடுப்படி மேஜைக்கு வந்தது. ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் கம்ப்யூட்டர். வீட்டு ஹாலில் அவள் புருஷன் செல்போனை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, "சத்தம் வருதா? யாருக்காவது சத்தம் வருதா?" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்திக்கொண்டிருந்தான்.

துருவத்தில் அப்போது இருபத்திநாலு பேர் இருந்தார்கள். உலகத்திலேயே மாஸ்க் போடாத இருபத்திநாலு பேர் நாங்கள்தான் என்று அவர்கள் ஆரம்பத்தில் கேலி பேசினார்கள். கேலியெல்லாம் மாற்று ஆட்கள் போக வேண்டிய மாதம் வரைக்கும்தான். மாற்றுக் குழுவில் கம்பு மேடமும் இருந்தாள். கடைசி வருஷத்தைத் தன் கையால் அளந்து முடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று இடம் வாங்கியிருந்தாள். பத்து நாள் ஹோட்டல் அறையில் தனியாக அடைத்து வைத்தார்கள். பதினோராம் நாள் குழுவில் ஒருத்தருக்கு இருமல். அத்தனை பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கப்பல் மட்டும் போய் டீசலையும் மூட்டைகளையும் இறக்கிவிட்டு, ஒருத்தரைக்கூட ஏற்றாமல் திரும்பியது. ஏற்றினால் அங்கே கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையே.

பதினான்கு மாதம் என்று போனவர்கள் இருபத்தைந்து மாதம் இருக்க வேண்டும் என்று ஆனது. இரண்டாவது குளிர்காலம். அங்கே இருந்த டாக்டர் வாராவாரம் எழுதினார்: ஏழு பேருக்குத் தூக்கமில்லை, ஒருத்தர் சாப்பாட்டு மேஜைக்கே வருவதில்லை, இரண்டு பேர் உப்பு டப்பாவுக்காகக் கைகலந்தார்கள். படித்த மனுஷர்கள், ஒருத்தர் பனிப்பாறைகளைப் பற்றிப் புஸ்தகம் எழுதியவர். டைரக்டர் அந்தக் கடிதங்களை ஒரு ஃபைலில் போட்டு, மேலே 'மனநலம்' என்று எழுதி வைத்தார். அதோடு அவர் கடமை முடிந்தது.

கம்பு மேடத்துக்கு வீட்டில் இருந்தபடி ஒரு புது வேலை கொடுத்தார்கள். துருவத்தோடு பேசுவது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு சேட்டிலைட் போனில் கூப்பிட வேண்டும். அங்கே எடுப்பவர் வானிலைக்காரர். காற்று, அழுத்தம், வெப்பம் எல்லாம் பார்ப்பவர், கம்பு அளப்பதும் அவர்தான். முப்பத்தேழு வயது. நல்ல மாதிரி. அவள் அவரைத் தம்பி என்பாள், அவர் அவளை மேடம் என்பார். "ஒண்ணு, எண்பத்திரண்டு. ரெண்டு, எழுபத்தொன்பது" என்று அறுபத்தொன்று வரைக்கும் அவர் வாசிக்க, அவள் அடுப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொள்வாள். எழுதி முடித்ததும் சுவர்க் காலண்டரில் வார எண்ணைப் போட்டு ஒரு வட்டம் போடுவாள்.

நானூற்று எண்பத்தாறாவது வாரம், புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. வானிலைக்காரருடைய மச்சான். அதாவது அவர் பெண்டாட்டியின் அண்ணன், வாடகை வண்டி ஓட்டுகிறவர்.

"மேடம், தங்கச்சி போயிட்டா" என்றார்.

அந்தத் தங்கச்சி நர்ஸ். கொரோனா வார்டில் ஒரு வருஷம் வேலை பார்த்து, ஒன்றும் ஆகாமல் தப்பித்து, கடைசியில் ஆறே நாளில் முடிந்துவிட்டது. ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. இப்போது மாமன் வீட்டில் இருக்கிறது. மச்சானால் பேசவே முடியவில்லை. "பாடியைக்கூடக் கண்ணுல காட்டல மேடம். பையில சுத்திக் குடுத்தாங்க. மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? எனக்கு நாக்கு வராது. நீங்க சொல்லிடுறீங்களா?"

சும்மா சொல்லக் கூடாது, கம்பு மேடம் அழுதாள். அந்தப் பெண்ணை வழியனுப்பு விழாவில் பார்த்திருக்கிறாள். அழுதுகொண்டே டைரக்டருக்குப் போன் போட்டாள். டைரக்டர், "அடடா" என்றார், அப்புறம் "ஃபாரம் என்ன சொல்லுதோ அதைச் செய்ங்க" என்றார். அவருக்கு அன்றைக்கு வேறு மூன்று மீட்டிங் இருந்தது.

அவள் கம்ப்யூட்டரில் ஃபாரத்தைத் தேடி எடுத்தாள். வேண்டாம் என்பதில் டிக் இருந்தது. இரண்டு கையெழுத்தும் இருந்தன, அவருடையதும் செத்துப்போனவளுடையதும். அப்பாடா என்று மூச்சு விட்டவள், அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைப் பார்த்தாள். இந்தச் சம்மதம் பயணத் தேதியிலிருந்து பதினான்கு மாதங்களுக்கு மட்டும் செல்லும். அவர் போய் அப்போது பதினாறு மாதம் ஆகியிருந்தது.

சாயங்காலம் கணக்கு வாத்தியார் வகுப்பை முடித்துவிட்டு டீ குடிக்க அடுப்படிக்கு வந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தேதியையும் சொன்னாள், மறைக்கவில்லை.

"அப்போ ஃபாரம் செல்லாது" என்றான்.

"செல்லாதுன்னா? அவர் மனசு மாறியிருக்குமா? அன்னைக்கு வேண்டாம்னவர் இன்னைக்கும் வேண்டாம்னுதான் சொல்லுவார்."

"கேட்டுடு. புது ஃபாரம் அனுப்பு."

"அவருக்கு மட்டும் இப்ப அனுப்பினா புரிஞ்சிடாதா? அவர் என்ன சின்னப் பிள்ளையா?"

"எல்லாருக்கும் அனுப்பு. இருபத்திநாலு பேருக்குமே காலம் முடிஞ்சுதானே போச்சு?"

அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள். அவன் சொன்னது நேரான வழி. அரை மணி நேர வேலை. அவர் 'வேண்டாம்' என்று போட்டால் தர்மசங்கடமே இல்லை. ஆனால் 'வேண்டும்' என்று போட்டுவிட்டால்? பெண்டாட்டி செத்த சேதி கேட்ட மனுஷன், மைனஸ் நாற்பதில், பகலே இல்லாத இருட்டில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பு அளக்கப் போவானா? போக மாட்டான். வேறு யாரும் போக மாட்டார்கள், அவனவன் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே பெரிய பாடாக இருந்தது. இன்னும் முப்பத்திநாலு வாரம்.

"ஆகட்டும், பாக்கலாம்" என்றாள்.

பார்க்கவில்லை. ஃபாரம் யாருக்கும் போகவில்லை. வாத்தியார் மறுபடி கேட்கவும் இல்லை, அதற்காக அவனையும் ஒரு வார்த்தை திட்டத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அவள் கூப்பிட்டாள். குரல் போய்ச் சேர ஒரு விநாடி, வந்து சேர ஒரு விநாடி ஆகும். வானிலைக்காரர் உற்சாகமாகத்தான் இருந்தார். அறுபத்தொரு எண்ணையும் வாசித்தார். வாசித்துவிட்டு, "வீட்டுக்காரிக்கு டூட்டி அதிகமாம் மேடம். போன ஞாயித்துக்கிழமை போன்லயே வரல. நீங்க ஏதாவது பேசினீங்களா?" என்றார்.

"அவங்களை வார்டுலயே தங்க வெச்சிருக்காங்க தம்பி. உள்ள போன் கொண்டுபோக விடுறதில்லையாம். நல்லா இருக்காங்க."

பொய் எத்தனை லேசாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. காலண்டரில் 486 என்று எழுதி வட்டம் போட்டாள்.

அதே பொய்யை மச்சானுக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டாரோடு பேச அங்கே ஆளுக்குப் பத்து நிமிஷம். மச்சான் பேசுவார், குழந்தை பேசும், தங்கச்சி டூட்டியில் இருப்பாள். "குழந்தைகிட்ட நல்லா சொல்லி வைங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா அங்க அவர் உடம்புக்கு ஏதாவது ஆயிடும்னு சொல்லுங்க" என்றாள். மச்சான் ஃபாரத்தை நம்பினார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டது, தங்கச்சியும் கையெழுத்துப் போட்டது. அதற்குக் காலம் முடிந்துவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு மாதம் போனது. மாப்பிள்ளை கடிதமாவது போடச் சொல்கிறார் என்று மச்சான் கையைப் பிசைந்தார். "நீங்க எழுதுங்க, அவங்க மெயிலிலிருந்து" என்றாள் கம்பு மேடம். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத்தான் வரும், எழுத வராது மேடம் என்றார். சரி என்று இவளே சொல்லச் சொல்ல அவர் டைப் அடித்தார். 'வேலை அதிகமாக இருக்கிறது. பாப்பா நன்றாகப் படிக்கிறாள். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையை விட்டுவிடாமல் செய்யுங்கள்.'

"இது அவ பேசுற மாதிரியே இல்லையே மேடம்" என்றார் மச்சான். "அவ அவரை வாடா போடான்னுதானே கூப்பிடுவா."

"இருக்கட்டும். எழுதுறப்போ எல்லாரும் மரியாதையாத்தான் எழுதுவாங்க."

கடைசி வரியை ஏன் சேர்த்தோம் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வெட்கப்பட்டிருப்பாள் என்று நம்ப எனக்கும் ஆசைதான். அப்படி ஆறு கடிதம் போனது.

வெள்ளிக்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. வானிலைக்காரர் இப்போது ஜோக் அடிப்பதில்லை. எண்களை ஒரே சீராக வாசிப்பார். முடித்துவிட்டு ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வி கேட்பார்.

"வீட்டுலேர்ந்து ஏதாவது சேதி உண்டா மேடம்?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க தம்பி."

அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. விநாடி கணக்குப் போக மீதியும் மௌனமாகவே இருக்கும். "சரி மேடம்" என்று வைத்துவிடுவார். பாவம், வீட்டு ஞாபகம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஐந்நூற்று இரண்டாவது வாரம் துருவத்து டாக்டரே போனில் வந்தார்.

"மேடம், உங்க வானிலைக்காரரை இந்தக் கம்பு வேலையிலேர்ந்து விடுவிச்சிடுங்க. மனுஷன் சாப்பிடுறதில்ல. பதினோரு கிலோ இறங்கிட்டார். யாரோடயும் பேச்சு கிடையாது. புயல் அடிக்குதோ இல்லையோ, கம்பு அளக்கப் போறேன்னு கிளம்பிடுறார். மூணு மணி நேரம் கழிச்சு வர்றார். ஒருநாள் வராமலே போயிடுவாரோன்னு பயமா இருக்கு."

"அந்த வேலைதான் டாக்டர் அவரைத் தூக்கி நிறுத்துது. அதையும் பிடுங்கிட்டா உடைஞ்சு போயிடுவார்."

"நான் மருத்துவக் காரணத்துக்காகச் சொல்றேன். ஒரு மாசம் நிறுத்துங்க."

"ஒரு வாரம் நிறுத்தினாலும் பத்து வருஷம் போச்சு டாக்டர்."

டாக்டர் கொஞ்சம் தயங்கி, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார். சாவுச் சேதியை டாக்டர்களுக்கும் சொல்வதில்லை, ஒரு வாயில் போட்டால் இருபத்திநாலு வாய்க்கும் போய்விடும் என்பது அங்கே வழக்கம்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

டாக்டர் டைரக்டருக்கு எழுதினார். டைரக்டர் அதை 'மனநலம்' ஃபைலில் போட்டார்.

அவளும் கல்லாக ஒன்றும் இருக்கவில்லை. வியாழக்கிழமை வந்தால் சோறு இறங்காது. அங்கே புயல் என்று செய்தி வந்தால் அடிக்கொரு தரம் எழுந்து போய்க் காலண்டரைப் பார்ப்பாள். வானிலைக்காரருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வாள். அந்த வேண்டுதலில் அவர் எவ்வளவு, கம்பு எவ்வளவு என்று அவள் பிரித்துப் பார்த்ததில்லை.

ஐந்நூற்று இருபதாவது வாரம் வந்தது. வானிலைக்காரர் வழக்கம்போல அறுபத்தொன்றையும் வாசித்தார். அவள் கடைசி வட்டத்தைப் போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். கணக்கு வாத்தியார் வகுப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்து, விஷயம் இதுதான் என்று தெரிந்ததும் திரும்பிப் போய்ப் பின்னத்தை நடத்தினான். அந்த மாதமே அவள் கட்டுரையை எழுதி அனுப்பினாள். இரண்டு மாதத்தில் ஏற்றுக்கொண்டார்கள். தொகுப்புக்காரர்களும் சம்மதித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: கடைசி வருஷத்துக்குக் கையால் எழுதிய மூல நோட்டைப் பார்க்க வேண்டும்.

நோட்டு வானிலைக்காரரிடம் இருந்தது. கப்பல் வந்து, அவர்களை ஏற்றி, நடுவில் ஒரு துறைமுகத்தில் பதினான்கு நாள் அடைத்து வைத்து, பிறகு விமானத்தில் அனுப்பியிருந்தார்கள். சேதியை மறைத்தவர்தான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது கூடத்து வழக்கம். மச்சான், "நானே ஏர்போர்ட்டுல சொல்லிக்கிறேன் மேடம்" என்றபோது அவளுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவர்கள் ஆற அமர இருக்கட்டும் என்று மூன்று வாரம் விட்டாள். நாலாவது வாரம் தொகுப்புக்காரர்களிடமிருந்து ஞாபகப்படுத்தி மெயில் வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு டஜன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

துக்கம் விசாரிக்கப் போவதாகத்தான் புருஷனிடம் சொன்னாள். ஆட்டோவில் போகும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அதுதான். முதலில் துக்கம், கடைசியில் எழுந்திருக்கும்போது நோட்டு. பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. மாஸ்கோடு ஏறி மூச்சு வாங்க நின்று மணியடித்தாள். கதவைத் திறந்தவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, மூக்கு நுனியில் குளிர் கடித்த கறுப்புத் தழும்பு. வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை.

"வாங்க மேடம்" என்றார், வழியை விடாமல்.

"தம்பி, மச்சான் சொல்லியிருப்பார்..."

"சொன்னார். ஏர்போர்ட்டுல என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நான் அப்பத்தான் கேள்விப்படுற மாதிரி நின்னேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"அவ போன மூணாவது ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும் மேடம். மாமா பாத்ரூம் போன நேரம் பாப்பா சொல்லிட்டா. அம்மா செத்துட்டாங்கப்பா, உங்ககிட்ட சொன்னா நீங்களும் செத்துடுவீங்களாம், நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா. ஒன்பது வயசுக் குழந்தை. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எண்களை வாசிக்கிற அதே குரல்.

"அதனால நான் யார்கிட்டயும் சொல்ல முடியல. அழக்கூட முடியல, அழுதா ஏன்னு கேப்பாங்க. நீங்க சொல்லிட்டீங்கன்னா போதும்னு இருந்துச்சு. பாப்பா மேல பழி வராது, நானும் ஒரு மூலையில உக்காந்து வாய்விட்டு அழலாம். அதான் வாராவாரம் கேட்டேன். முப்பத்திரண்டு வெள்ளிக்கிழமை கேட்டேன் மேடம்."

கம்பு மேடத்துக்குக் கையில் ஆப்பிள் பை கனத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது.

அவர் உள்ளே கை நீட்டி, செருப்பு அலமாரி மேலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். பழுப்பு அட்டை, ஓரம் நைந்திருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள்.

"இதுக்குத்தானே வந்தீங்க. ஒண்ணு சொல்லிடணும். இதுல இருக்கிறது எல்லாம் அளந்தது இல்ல."

"என்னது?"

"கிளம்பிப் போவேன். வண்டி நிறுத்துற கொட்டகை வரைக்கும் போய் உக்காந்துடுவேன். அங்கேர்ந்து டார்ச் அடிச்சா முதல் மூணு கம்பு தெரியும். அதைப் பாத்துக்கிட்டு, மிச்சம் அம்பத்தெட்டையும் அதுக்குத் தக்கபடி நானே போட்டுடுவேன். பழக்கப்பட்ட கை, சந்தேகமே வராது. அங்கதான் கொஞ்சம் அழுதேன்."

அவள் நோட்டைத் திறந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் ஒரே பென்சில், ஒரே கையெழுத்து, ஒழுங்கான எண்கள்.

"எந்த வாரத்திலிருந்து?" என்றாள்.

வானிலைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"தம்பி, எந்த வாரத்திலிருந்து? எதெது நிஜம், எதெது நீங்க போட்டது?"

"ஞாபகம் இல்ல மேடம். சில வாரம் போனேன், சில வாரம் போகல. குறிச்சு வெச்சுக்கல."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. புயல் அடிச்ச வாரமாவது..."

உள்ளேயிருந்து குழந்தை, "யாருப்பா?" என்று கேட்டது.

"ஆபீஸ்லேர்ந்துடா" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார்.

அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டே படியிறங்கினாள். முதல் மூன்று கம்பு நிஜம், அதை வைத்துப் பின்னாலிருந்து போட்டுப் பார்த்தால் எதெது இட்டுக்கட்டியது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. ஒரு மாடி இறங்கிய பிறகுதான் ஆப்பிள் பை இன்னும் கையிலேயே இருக்கிறது என்று பார்த்தாள். செத்துப்போனவளைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தன் வாயிலிருந்து வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

திரும்ப ஏறினாள். கதவுக்கு முன்னால் நின்றாள். உள்ளே குழந்தை ஏதோ கேட்க, அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மணியை அழுத்த விரலைக் கொண்டுபோனாள். கொண்டுபோன விரல் அப்படியே நின்றது. கதவு திறந்தால் தன் வாயில் முதலில் வரப்போவது எது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பையைக் கதவோரம் வைத்துவிட்டு, நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் இறங்கிப் போனாள்.